ஹைன்ரிக் வீலாண்ட்

ஹைன்ரிக் ஓட்டோ வீலாண்ட் (ஜூன் 4, 1877 – ஆகஸ்ட் 5, 1957) ஜெர்மனியைச் சேர்ந்த கரிம வேதியியலாளர் ஆவார். பித்தநீரில் காணப்படும் பித்த அமிலங்களின் வேதியியல் அமைப்பை ஆராய்ந்தமைக்காக இவருக்கு 1927 ஆம் ஆண்டிற்கான வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பித்த அமிலங்களும் கொலஸ்டிராலும் ஒரே அடிப்படைக் கரிமக் கட்டமைப்பைக் கொண்டவை என்பது இவருடைய ஆய்வுகளாலும் இவருடைய சமகாலத்தவரான அடோல்ஃப் வின்டாசின் ஆய்வுகளாலும் தெளிவாயிற்று. கொலஸ்டிராலை உடல் எவ்வாறு பித்த அமிலங்களாக மாற்றி வெளியேற்றுகின்றது என்ற பிற்கால அறிவுக்கு இதுவே அடித்தளமாக அமைந்தது. உயிரணுக்களில் நிகழும் ஆக்சிசனேற்றம், இயற்கை நஞ்சுகள், வண்ணத்துப்பூச்சிகளின் நிறமிகள் ஆகியவற்றைப் பற்றியும் இவர் ஆராய்ந்தார். நாட்சி ஆட்சிக் காலத்தில் யூத மரபுடைய மாணவர்களுக்குத் தமது ஆய்வுக்கூடத்தில் இடமளித்துப் பாதுகாத்தவர் என்ற வகையிலும் இவர் நினைவுகூரப்படுகின்றார்.

இளமையும் கல்வியும்

வீலாண்ட் அன்றைய பாடென் பெருங்கோமகத்தில் இருந்த போர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். இந்நகர் பொன், வெள்ளி அணிகலத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இவருடைய தந்தையார் தியோடோர் வீலாண்ட் ஒரு வேதியியலாளர். பொன்னையும் வெள்ளியையும் தூய்மைப்படுத்தும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். எனவே வேதியியல் இவருக்கு வீட்டிலேயே அறிமுகமான துறையாக இருந்தது.

பள்ளிக் கல்விக்குப் பின் மியூனிக், பெர்லின், ஸ்டுட்கார்ட் ஆகிய நகரங்களில் வேதியியல் பயின்றார். மீண்டும் மியூனிக் திரும்பி, ஜொகான்னஸ் தீல என்பவரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1901 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1904 இல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் தகுதியைப் பெற்றார். 1908 இல் ஜோசபீன் பார்ட்மன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று ஆண் மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர்.

தொடக்க கால ஆய்வுகள்

வீலாண்டின் தொடக்க கால ஆய்வுகள் நைதரசன் சேர்மங்களைப் பற்றியவை. வெடிக்கும் தன்மையுடைய உப்புகளைத் தரும் ஃபுல்மினிக் அமிலம் எவ்வாறு எரிசாராயத்திலிருந்தும் நைத்திரிக் அமிலத்திலிருந்தும் உருவாகின்றது என்பதை இவர் படிப்படியாக விளக்கினார். டெட்ராஃபீனைல் ஹைட்ரசீன் என்னும் சேர்மம் கரைசலில் சூடாக்கப்படும்போது இரண்டாகப் பிரிந்து, இணையாத எதிர்மின்னியைக் கொண்ட நைதரசன் தனி உறுப்புகளைத் தருகின்றது என்பதையும் கண்டறிந்தார். கரிம அணுவில் மட்டுமன்றி நைதரசன் அணுவிலும் இத்தகைய தனி உறுப்புகள் இருக்க முடியும் என்பதற்கு இது சான்றாயிற்று.

முதல் உலகப் போர்க் காலம்

1917 இல் வீலாண்ட் மியூனிக் தொழில்நுட்ப உயர்கல்விக் கழகத்தில் பேராசிரியரானார். ஆனால் போர் நடந்துகொண்டிருந்தமையால் 1917 – 1918 காலத்தில் அங்கிருந்து விடுப்புப் பெற்று, பெர்லினில் ஃபிரிட்சு ஹேபரின் தலைமையில் இயங்கிய கைசர் வில்லெம் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நிறுவனம் அப்போது வேதிப் போர்க்கருவிகளை உருவாக்கி வந்தது. பிற்காலத்தில் ஆடம்சைட்டு என்று அழைக்கப்பட்ட, தும்மலையும் வாந்தியையும் உண்டாக்கும் ஆர்செனிக் சேர்மத்தை வீலாண்ட் 1915 இலேயே தொகுத்திருந்தார். இவருடைய வாழ்வின் இப்பகுதி, பிற்காலத்தில் இவர் காட்டிய மனிதநேயத்தோடு சேர்த்து நோக்கப்பட வேண்டியது.

இதே காலத்தில் தம் உறவினரான ஆல்பர்ட் போரிங்கரின் மருந்து நிறுவனத்தில் ஓர் ஆய்வுப் பிரிவு 1917 இல் அமைவதற்கும் வீலாண்ட் துணை நின்றார். லொபேலியா என்னும் செடியிலிருந்து பிரிக்கப்பட்ட லோபெலின் என்ற ஆல்கலாய்டு, மூச்சைத் தூண்டும் மருந்தாக 1921 இல் அந்நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது.

பித்த அமில ஆய்வுகள்

பின்னணி

பித்தநீர் கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேர்ந்து சிறுகுடலுக்குள் செல்லும் கசப்பான நீர்மம் ஆகும். எண்ணெயும் நீரும் இயல்பாகக் கலப்பதில்லை. பித்தநீரில் உள்ள அமிலங்களின் உப்புகள், சவர்க்காரத்தைப் போன்று, உணவிலுள்ள கொழுப்பை நுண்ணிய துளிகளாகச் சிதறச் செய்கின்றன. இதனால் கொழுப்பைச் செரிக்கும் நொதிகள் எளிதில் செயற்படுகின்றன.

பித்தப்பையில் உருவாகும் கற்களிலிருந்து 18 ஆம் நூற்றாண்டில் ஒரு வெண்ணிறத் திண்மப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த மிசெல் செவ்ரல் அதற்குப் பித்தம், திண்மம் ஆகிய பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து பெயரிட்டார். அதுவே கொலஸ்டிரால் ஆகும். ஆயினும் பித்தக் கல்லில் உள்ள கொலஸ்டிராலுக்கும் பித்தநீரில் கரைந்துள்ள அமிலங்களுக்கும் ஏதேனும் உறவு உண்டா என்பது நெடுங்காலம் அறியப்படாமலே இருந்தது.

ஒரே கட்டமைப்பு

வீலாண்ட் 1912 ஆம் ஆண்டளவில் பித்த அமிலங்களை ஆராயத் தொடங்கினார். மாட்டுப் பித்தநீரே இதற்கான மூலப்பொருள். அக்காலத்தில் மூலக்கூறு ஒன்றின் அமைப்பை நேரடியாகக் காட்டும் கருவிகள் எவையும் இல்லை. பொருளைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, கிடைக்கும் துண்டுகளைப் படிகமாக்கி, உருகுநிலையை அளந்து, எரித்துப் பகுத்து, பின்னர் முழு உருவத்தை ஊகிப்பதே ஒரே வழியாக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் நிறையப் பொருளும் பொறுமையும் தேவைப்பட்டன.

முதன்மையான பித்த அமிலமான கோலிக் அமிலத்தில் மூன்று ஐதராக்சில் தொகுதிகள் உள்ளன. டியாக்சிகோலிக் அமிலத்தில் இரண்டும், லித்தோகோலிக் அமிலத்தில் ஒன்றும் உள்ளன. வீலாண்ட் இவற்றை வெப்பப்படுத்தி ஐதராக்சில் தொகுதிகளை நீராக வெளியேற்றினார். அதனால் உண்டான இரட்டைப் பிணைப்புகளில் ஐதரசனைச் சேர்த்தார். அப்போது கோலானிக் அமிலம் என்ற ஒரே பொருள் கிடைத்தது. அதாவது, இவ்வமிலங்கள் யாவும் 24 கரிம அணுக்களைக் கொண்ட ஒரே கட்டமைப்பின் மேல் வெவ்வேறு எண்ணிக்கையில் ஐதராக்சில் தொகுதிகளை ஏற்றவை என்பது உறுதியாயிற்று.

கொலஸ்டிராலுடன் உறவு

இதே காலத்தில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் அடோல்ஃப் வின்டாசு கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். கொலஸ்டிராலில் 27 கரிம அணுக்கள் உள்ளன. 1919 இல் வின்டாசு, கொலஸ்டிராலிலிருந்து பெறப்பட்ட கொப்ரோஸ்டேன் என்ற ஐதரோகரிமத்தைக் குரோமிக் அமிலத்தால் ஆக்சிசனேற்றம் செய்தார். அதன் பக்கச் சங்கிலியின் முனையிலிருந்து மூன்று கரிம அணுக்கள் அசிட்டோனாகப் பிரிந்தன. எஞ்சியது ஓர் அமிலம். அது வீலாண்ட் பித்தநீரிலிருந்து உருவாக்கிய அதே கோலானிக் அமிலம் ஆகும்.

இக்கண்டுபிடிப்பின் சிறப்பு, இரு வேறு ஆய்வுக்கூடங்களில் இரு வேறு பொருள்களிலிருந்து தொடங்கிய வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தமையே ஆகும். அதன்பின் கொலஸ்டிராலைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் பித்த அமிலத்துக்கும், பித்த அமிலத்தைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் கொலஸ்டிராலுக்கும் பொருந்துவதாயிற்று. உடலில் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடும் என்ற எண்ணமும் இதனால் வலுப்பெற்றது.

பக்கச் சங்கிலி

மூலக்கூறின் வளையங்களோடு இணைந்துள்ள பக்கச் சங்கிலியின் நீளத்தை அறிய, வீலாண்ட் அதை முனையிலிருந்து ஒவ்வொரு கரிம அணுவாக வெட்டும் முறையைக் கையாண்டார். பார்பியே – வீலாண்ட் சிதைவு என்று இம்முறை இன்றும் பாடநூல்களில் வழங்கப்படுகின்றது. 24 கரிம அணுக்கள் கொண்ட கோலானிக் அமிலம் முதலில் 23 ஆகவும், பின்னர் 22 ஆகவும் குறைந்தது. அதற்கடுத்த படியில் 20 கரிம அணுக்கள் கொண்ட அமிலம் கிடைத்தது. இறுதியில் ஒரே படியில் இரண்டு அணுக்கள் குறைந்தமை, அவ்விடத்தில் சங்கிலி ஒரு மெத்தில் கிளையைக் கொண்டுள்ளது என்பதைக் காட்டியது.

கொலேயிக் அமிலம்

பித்தநீரில் கொலேயிக் அமிலம் என்ற தனிப்பட்ட அமிலம் ஒன்று உள்ளதாக அதுவரை கருதப்பட்டு வந்தது. அது தனிப்பொருள் அன்று, டியாக்சிகோலிக் அமில மூலக்கூறுகள் ஒரு கொழுப்பு அமில மூலக்கூறைச் சூழ்ந்து அமைந்த சேர்க்கை என்பதை வீலாண்ட் 1916 இல் காட்டினார். நீரில் கரையாத பொருள்களைப் பித்தநீர் எவ்வாறு ஏந்திச் செல்கின்றது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவியது.

நோபல் பரிசும் பிழையான அமைப்பும்

1921 இல் வீலாண்ட் பிராய்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1925 இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வில்சுட்டேட்டரின் இடத்துக்கு அழைக்கப்பட்டார். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளரும் யூதருமான வில்சுட்டேட்டர், பேராசிரியர் நியமனங்களில் யூத வெறுப்பு தலையிடுவதைக் கண்டித்து 1924 இல் பதவி விலகியிருந்தார். தமக்குப் பின் வீலாண்டே வரவேண்டும் என்று அவர் விரும்பினார். எனவே வீலாண்ட் ஏற்றுக்கொண்ட பதவி, தொடக்கத்திலேயே அக்கால அரசியலின் நிழல் படிந்ததாக இருந்தது.

1927 ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு எவருக்கும் வழங்கப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1928 இல் அப்பரிசு வீலாண்டுக்கும், 1928 ஆம் ஆண்டிற்கான பரிசு வின்டாசுக்கும் அறிவிக்கப்பட்டன. இருவரும் ஒரே ஆண்டில் ஸ்டாக்கோமில் பரிசு பெற்றனர்.

ஆயினும் அன்று அவர்கள் முன்வைத்த மூலக்கூறு அமைப்பு முற்றிலும் சரியானதன்று. வளையம் ஒன்றை உடைத்துக் கிடைக்கும் இரு அமிலத் தொகுதியுடைய சேர்மம் வெப்பத்தில் எவ்வாறு மாறுகின்றது என்பதைக் கொண்டு அவ்வளையத்தின் அளவைக் கணிக்கும் விதி அக்காலத்தில் பயன்பட்டது. பித்த அமிலத்தின் வளையங்களில் ஒன்றில் இவ்விதி பொய்த்துவிட்டது. மேலும் இரண்டு கரிம அணுக்களுக்கு உறுதியான இடம் கிடைக்காமலே இருந்தது.

1932 இல் பிரித்தானியரான ஜான் டெசுமாண்ட் பெர்னால், எர்கோஸ்டெரால் முதலிய ஸ்டெரால் படிகங்களை எக்சு கதிர்களால் ஆராய்ந்தார். அம்மூலக்கூறு நீண்டு மெலிந்த தகடு போன்றது என்றும், வீலாண்ட் – வின்டாசு அமைப்பு அதற்குப் பொருந்தாத அளவு தடித்தது என்றும் அவர் அளவீடுகள் காட்டின. இதைத் தொடர்ந்து இலண்டனில் ஓட்டோ ரோசன்ஹைம், ஹரால்டு கிங் ஆகியோர் புதியதோர் அமைப்பை முன்மொழிந்தனர். அதே ஆண்டில் வீலாண்டும் அவருடன் பணியாற்றிய எலிசபெத் டானெ என்ற வேதியியலாளரும் அதைத் திருத்தி இறுதி வடிவம் தந்தனர். ஆறு அணுக்களைக் கொண்ட மூன்று வளையங்களும் ஐந்து அணுக்களைக் கொண்ட ஒரு வளையமும் ஒட்டியமைந்த இவ்வமைப்பே இன்று ஸ்டீராய்டு கட்டமைப்பு என அழைக்கப்படுகின்றது.

நோபல் பரிசு பெற்ற முடிவு நான்கே ஆண்டுகளில் பிழையெனக் காட்டப்பட்டபோது, வீலாண்ட் பழைய அமைப்பைக் காக்க முயலவில்லை. தமது இருபதாண்டுச் சோதனைகளைப் புதிய நோக்கில் மீண்டும் சீர்தூக்கிப் பார்த்து, திருத்தத்திலும் முதன்மையான பங்கு கொண்டார். சோதனை முடிவுகள் சரியாக இருந்தமையால், ஊகம் மாறிய பின்னும் அவை பயனற்றுப் போகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆண்பால், பெண்பால் வளரூக்கிகள், அண்ணீரகப் புறணி வளரூக்கிகள், உயிர்ச்சத்து டி ஆகியவற்றின் அமைப்பைத் தீர்மானிப்பதற்கு இப்புதிய கட்டமைப்பு வழி திறந்தது.

1933 இல் வீலாண்டும் டானெயும் டியாக்சிகோலிக் அமிலத்திலிருந்து மெத்தில்கோலாந்திரீன் என்ற ஐதரோகரிமத்தை உருவாக்கினர். இது விலங்குகளில் வலுவாகப் புற்றுநோயை உண்டாக்குவது என்று அறியப்பட்டு, புற்றுநோய் ஆய்வுகளில் பெரிதும் பயன்படுத்தப்பட்டது.

உடலில் கொலஸ்டிரால் பித்த அமிலமாகும் முறை

வீலாண்டும் வின்டாசும் காட்டியது ஆய்வுக்கூடத்தில் உள்ள உறவு மட்டுமே. உயிருள்ள உடலில் இம்மாற்றம் நிகழ்கின்றது என்பதை, 1943 இல் கொன்ராட் புளோக்கும் அவருடன் பணியாற்றியோரும் மெய்ப்பித்தனர். கன ஐதரசன் கொண்டு அடையாளமிடப்பட்ட கொலஸ்டிராலை நாய்க்குச் செலுத்தியபோது, அந்த அடையாளம் பித்தநீரிலிருந்த கோலிக் அமிலத்தில் காணப்பட்டது.

மனித உடலால் கொலஸ்டிராலின் நான்கு வளையங்களை உடைத்து எரிக்க இயலாது. எனவே மிகுதியான கொலஸ்டிராலை நீக்குவதற்கு உடலுக்கு உள்ள முதன்மையான வழி, கல்லீரலில் அதைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றுவதே ஆகும். கொலஸ்டிராலின் ஒரு பகுதி மாற்றமின்றியும் பித்தநீரில் கலந்து செல்கின்றது. பித்த அமிலமாகும் மாற்றத்தின் படிகளைச் சுருக்கமாகப் பின்வருமாறு கூறலாம்.

முதலாவதாக, கொலஸ்டிராலின் 7 ஆம் இடத்தில் ஓர் ஐதராக்சில் தொகுதி சேர்க்கப்படுகின்றது. இதைச் செய்யும் 7-ஆல்ஃபா-ஐதராக்சிலேசு என்னும் நொதி கல்லீரலில் மட்டுமே உள்ளது. முதன்மை வழியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது இப்படியே ஆகும். இரண்டாவதாக, வளையத்தில் உள்ள இரட்டைப் பிணைப்பு இடம் மாறிப் பின்னர் ஐதரசனால் நிறைவுறுகின்றது. 3 ஆம் இடத்து ஐதராக்சில் தொகுதியின் திசையும் மாறுகின்றது. இதனால் தட்டையாக இருந்த மூலக்கூறு வளைவு பெறுகின்றது. மூன்றாவதாக, 12 ஆம் இடத்திலும் ஐதராக்சில் தொகுதி சேர்ந்தால் கோலிக் அமிலமும், சேராவிடில் கீனோடியாக்சிகோலிக் அமிலமும் உண்டாகின்றன. நான்காவதாக, பக்கச் சங்கிலியின் முனை இழைமணிகளில் ஆக்சிசனேற்றம் அடைந்து, பின்னர் பெராக்சிசோம் என்னும் நுண்ணுறுப்புகளில் மூன்று கரிம அணுக்கள் நீக்கப்படுகின்றன. வின்டாசின் குடுவையில் இம்மூன்று அணுக்களும் அசிட்டோனாகப் பிரிந்தன; உடலில் அவை புரோப்பியானிக் அமிலத்தின் செயலூட்டப்பட்ட வடிவமாகப் பிரிகின்றன. இரண்டிலும் 27 அணுக்கள் 24 ஆகக் குறைவது ஒன்றே.

இறுதியாக, இவ்வமிலம் கிளைசீன் அல்லது டாரீன் என்ற சேர்மத்தோடு இணைக்கப்படுகின்றது. இதனால் அது நீரில் மேலும் நன்றாகக் கரைகின்றது. மூலக்கூறின் ஒரு பக்கம் நீரை நாடுவதாகவும் மறுபக்கம் கொழுப்பை நாடுவதாகவும் இருப்பதே அதன் சவர்க்காரத் தன்மைக்குக் காரணம்.

குடலில் வாழும் பாக்டீரியாக்கள் 7 ஆம் இடத்து ஐதராக்சில் தொகுதியை நீக்குகின்றன. அவ்வாறு கோலிக் அமிலத்திலிருந்து டியாக்சிகோலிக் அமிலமும், கீனோடியாக்சிகோலிக் அமிலத்திலிருந்து லித்தோகோலிக் அமிலமும் உண்டாகின்றன. எனவே வீலாண்ட் பித்தநீரில் ஆராய்ந்த அமிலங்களில் சில கல்லீரலும் குடல் நுண்ணுயிர்களும் சேர்ந்து உருவாக்கியவை ஆகும்.

குடலுக்குள் சென்ற பித்த அமிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு, சிறுகுடலின் இறுதிப் பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகின்றது. ஒரே நாளில் இச்சுழற்சி பலமுறை நிகழ்கின்றது. மலத்துடன் வெளியேறும் சிறு பகுதியை, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை கிராம் அளவை, கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து புதிதாக உருவாக்கி ஈடு செய்கின்றது. பித்த அமிலம் போதிய அளவு திரும்பி வந்தால் 7-ஆல்ஃபா-ஐதராக்சிலேசு நொதியின் உற்பத்தி குறைகின்றது. இக்கட்டுப்பாட்டில் பங்குகொள்ளும் கரு ஏற்பி 1999 இல் அடையாளம் காணப்பட்டது.

இவ்வறிவு மருத்துவத்திலும் பயன்படுகின்றது. கொலஸ்டிரமின் போன்ற மருந்துகள் குடலில் பித்த அமிலத்தைப் பிணைத்து, அது திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கின்றன. இழப்பை ஈடு செய்யக் கல்லீரல் மேலும் கொலஸ்டிராலைச் செலவிட வேண்டியுள்ளதால், அது குருதியிலிருந்து கொலஸ்டிராலை மிகுதியாக எடுத்துக்கொள்கின்றது. பக்கச் சங்கிலியை ஆக்சிசனேற்றும் நொதி பிறவியிலேயே குறைபாடுடையவர்களுக்குத் தசைநாண்களிலும் மூளையிலும் கொழுப்புப் பொருள்கள் படிகின்றன. அவர்களுக்குக் கீனோடியாக்சிகோலிக் அமிலமே மருந்தாகத் தரப்படுகின்றது.

உயிரிய ஆக்சிசனேற்றக் கொள்கை

உயிரணுக்களில் உணவு எவ்வாறு எரிகின்றது என்ற வினாவுக்கும் வீலாண்ட் விடை தேடினார். ஆக்சிசன் செயலூக்கம் பெற்று உணவுப் பொருளைத் தாக்குகின்றது என்ற கருத்துக்கு மாறாக, உணவுப் பொருளில் உள்ள ஐதரசனே செயலூக்கம் பெற்று நீக்கப்படுகின்றது என்று இவர் கூறினார். பல்லேடியம் என்ற உலோகத்தின் நுண்தூளைப் பயன்படுத்தி, ஆக்சிசன் இல்லாதபோதும், மெத்திலீன் நீலம் போன்ற பொருள் ஐதரசனை ஏற்றுக்கொள்ளுமாயின் ஆக்சிசனேற்றம் நடைபெறும் என்பதைக் காட்டினார்.

இரும்பு அடங்கிய நொதியொன்று ஆக்சிசனைச் செயலூக்குகின்றது என்று வாதிட்ட ஓட்டோ வார்பர்க் இக்கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார். இவ்விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது. இருவர் கூறியதிலும் உண்மை இருந்தது என்பது பின்னர் புலனாயிற்று. உணவுப் பொருளிலிருந்து முதலில் ஐதரசன் நீக்கப்படுகின்றது. அதன் எதிர்மின்னிகள் இரும்பு அடங்கிய சைட்டோகுரோம்களின் வழியே கடத்தப்பட்டு இறுதியில் ஆக்சிசனைச் சென்றடைகின்றன.

பிற ஆய்வுகள்

தேரைகளின் தோல் நஞ்சுகள், மார்ஃபின், ஸ்டிரிக்னின், கியூராரே முதலிய ஆல்கலாய்டுகள் ஆகியவற்றை வீலாண்டும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தனர். தேரை நஞ்சுகள் சிலவும் ஸ்டீராய்டு கட்டமைப்பைக் கொண்டவையே. வெண்ணிற, மஞ்சள்நிற வண்ணத்துப்பூச்சிகளின் இறகுகளில் உள்ள நிறமிகளை இவர் 1925 முதல் ஆராய்ந்தார். டெரின்கள் எனப்படும் இச்சேர்மக் குடும்பம், பின்னர் ஃபோலிக் அமிலம் என்ற உயிர்ச்சத்தின் ஒரு பகுதியாகவும் அமைந்திருப்பது கண்டறியப்பட்டது. உயிர்க்கொல்லிக் காளானான அமனிட்டாவின் நஞ்சுகளில் ஃபல்லாய்டின் 1937 இலும், ஆல்ஃபா-அமனிட்டின் 1941 இலும் இவருடைய ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுக்கப்பட்டன. இவர் லீபிக்கின் வேதியியல் ஆண்டேடு எனப்படும் புகழ்பெற்ற இதழின் ஆசிரியராக இருபது ஆண்டுகள் பணியாற்றினார்.

நாட்சி ஆட்சிக் காலம்

1933 இல் இட்லர் ஆட்சிக்கு வந்தபின் யூதர்களும் யூத மரபு கலந்தோரும் படிப்படியாகப் பல்கலைக்கழகங்களிலிருந்து விலக்கப்பட்டனர். பெற்றோரில் ஒருவர் மட்டும் யூதராக இருந்த மாணவர்கள் அரை யூதர் என வகைப்படுத்தப்பட்டு, படிப்பைத் தொடரத் தடை செய்யப்பட்டனர். வீலாண்ட் இத்தகைய மாணவர்கள் பலரைத் தமது ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். முறையான மாணவர்களாகப் பதிவு செய்ய முடியாதவர்கள் பேராசிரியரின் விருந்தினர் என்ற பெயரில் அங்கே பயின்றனர். உலகப் புகழும் நோபல் பரிசும் வீலாண்டுக்கு ஓரளவு பாதுகாப்பளித்தன. அப்பாதுகாப்பை இவர் பிறருக்காகப் பயன்படுத்தினார்.

யூத மரபுடைய பாட்டியைக் கொண்டிருந்த ஹில்டகார்ட் புரூக்கர் என்ற மாணவி இவரிடம் ஆய்வு செய்து 1945 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஹில்டகார்ட் ஹம்-புரூக்கர் என்ற பெயரில் அவர் மேற்கு ஜெர்மனியின் முன்னணி அரசியல்வாதிகளுள் ஒருவராக விளங்கினார்.

வீலாண்டின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற மற்றொருவர் ஹன்ஸ் லைபெல்ட். இவருடைய தாயார் யூத மரபினர். மியூனிக்கில் வெள்ளை ரோசா இயக்கத்தைச் சேர்ந்த ஹன்ஸ் ஷோல், சோபி ஷோல் ஆகியோர் 1943 பிப்ரவரியில் கொல்லப்பட்ட பின், அவர்களின் இறுதித் துண்டறிக்கையை லைபெல்டும் அவருடைய தோழியும் சக மாணவியுமான மரீ-லூயிஸ் யானும் படியெடுத்துப் பரப்பினர். கொல்லப்பட்ட பேராசிரியர் குர்ட் ஹூபரின் குடும்பத்துக்காகப் பணமும் திரட்டினர். 1943 அக்டோபரில் இருவரும் கைது செய்யப்பட்டனர்.

1944 அக்டோபர் 13 இல் டோனாவெர்ட் நகரில் மக்கள் நீதிமன்றம் எனப்பட்ட நாட்சி நீதிமன்றம் கூடியது. எதிரிகள் என முத்திரை குத்தப்பட்ட மாணவர்களுக்காகப் பேசுவதே ஆபத்தாக இருந்த அக்காலத்தில், 67 வயதான வீலாண்ட் அங்கு நேரில் சென்று தம் மாணவர்களுக்கு ஆதரவாகச் சாட்சியளித்தார். லைபெல்டுக்கு மரண தண்டனையும், யானுக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டன. லைபெல்ட் 1945 சனவரி 29 இல் மியூனிக்கின் ஸ்டாடெல்ஹைம் சிறையில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23. யான் போரின் முடிவில் விடுதலையாகிப் பின்னர் மருத்துவராகப் பணியாற்றினார்.

வீலாண்டின் சாட்சியத்தால் லைபெல்டின் உயிரைக் காக்க இயலவில்லை. எனினும் பெரும்பாலான பேராசிரியர்கள் வாய் மூடியிருந்த அக்காலத்தில், மாணவரைக் கைவிடாத ஆசிரியர்களுள் ஒருவராக இவர் விளங்கினார்.

இறுதிக் காலம்

போரின்போது நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சுகளால் மியூனிக் வேதியியல் நிறுவனம் அழிவுற்றது. போருக்குப் பின் அதை மீண்டும் கட்டியெழுப்பும் பணியில் வீலாண்ட் ஈடுபட்டார். 1952 இல் ஓய்வு பெற்றார். 1955 இல் முதன்முறையாக வழங்கப்பட்ட ஓட்டோ ஹான் பரிசு, வேதியியலுக்காக இவருக்கும் இயற்பியலுக்காக லிசே மைட்னருக்கும் அளிக்கப்பட்டது. 1957 ஆகஸ்ட் 5 இல் தமது 80 ஆம் வயதில் காலமானார்.

குடும்பமும் அறிவியல் மரபும்

வீலாண்டின் ஆண் மக்கள் மூவரும் தந்தையாரின் துறையையோ அதற்கு நெருங்கிய துறையையோ தேர்ந்தனர். வோல்ஃப்காங் மருந்து வேதியியலிலும், தியோடோர் கரிம வேதியியலிலும், ஓட்டோ மருத்துவத்திலும் ஈடுபட்டனர். தியோடோர் காளான் நஞ்சுகளின் ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார்.

மகள் ஏவா, வீலாண்டின் மாணவரான ஃபியோடோர் லைனனை 1937 இல் மணந்தார். உடலில் கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும் உருவாகும் முறையைக் கண்டறிந்தமைக்காக லைனனுக்கும் கொன்ராட் புளோக்குக்கும் 1964 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கொலஸ்டிரால் எவ்வாறு பித்த அமிலத்தோடு உறவுடையது என்று மாமனார் ஆராய்ந்தார்; அக்கொலஸ்டிரால் எதிலிருந்து தோன்றுகின்றது என்று மருமகன் ஆராய்ந்தார்.

அதே 1964 ஆம் ஆண்டில் வீலாண்டின் பெயரால் ஹைன்ரிக் வீலாண்ட் பரிசு நிறுவப்பட்டது. கொழுப்புப் பொருள்களின் வேதியியல், உயிர்வேதியியல் ஆகியவற்றில் சிறந்த ஆய்வுகளுக்காகத் தொடங்கப்பட்ட இப்பரிசு, பின்னர் உயிரியல் மூலக்கூறுகள் பற்றிய பிற ஆய்வுகளுக்கும் விரிவாக்கப்பட்டது.